மிஸ்டர் லெட்சுமணனுக்குப் பதினோரு தட்டல்

மார்ச் 7, 1983. திங்கள்

விடிகாலையில் மழை. ஏழு மணிக்கு விட்டது. சொந்தத் தொழிலில் முதல் நாள். வேலை ஒன்றும் இல்லை.

முதலாளி தவுக்கேயிடம் பதினான்கு வருஷம் வயரிங் வேலை. சனிக்கிழமையோடு முடிந்தது. கோப்பி வாங்கித் தந்தார். மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடுவாய், உன் டூல் பெட்டிக்கு இடம் காலியாகவே வைத்திருப்பேன் என்று மலாயில் சொன்னார். அன்பா கேலியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கையில் உள்ளவை: டெஸ்ட் பேனா இரண்டு. பிளாயர், கட்டர், டிரில். மீட்டர் ஒன்று, பழையது, முள் சற்று வலப்பக்கம் சாயும். வயர் மூன்று சுருள். மடக்கு ஏணி. வயர்மேன் லைசென்ஸ், பிளாஸ்டிக் உறையில். ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்ட அரை மணி நேரம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சார் வரை ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நிறுத்தி அபராதம் போடவில்லை. நல்ல சகுனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மத்தியானம் அச்சடித்த விசிட்டிங் கார்டு வாங்கினேன். ஐந்நூறு. நல்ல தடிமன். ஆனால் தப்பு. அடையாளக் கார்டான ஐ.சி.யில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'இன்னாரின் மகன்' என்று மலாயில் இரண்டு எழுத்து இருக்குமே, அதை அச்சுக்காரச் சீனர் எடுத்துவிட்டார். 'சிவலிங்கம் லெட்சுமணன்' என்று ஒரே ஆளாக நிற்கிறது. கேட்டால், இப்படித்தான் ஸ்டைலாக இருக்கிறது, வெள்ளைக்காரன் கார்டு மாதிரி என்கிறார். ஐந்நூறு அடித்தாகிவிட்டது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

கார்டில் போட்ட போன் நம்பர் மாடி டைப்பிங் கிளாஸினுடையது. நான் இருப்பது கீழே முடிதிருத்தும் கடைக்குப் பின்னால் உள்ள அறை. என் தலைக்கு மேலே பலகைத் தளம், அதற்கு மேலே பதினைந்து டைப்ரைட்டர். சொந்த போனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். வரிசை நீளமாம். அதுவரை மாடிப் போனுக்கு வரும் செய்தியை டீச்சர் எழுதி வைப்பார், பதிலுக்கு நான் கிளாஸின் லைட், ஃபேன் எல்லாம் இலவசமாகப் பார்க்க வேண்டும். ஏற்பாடு வீட்டுக்காரருடையது. டீச்சரை நான் படிக்கட்டில் இரண்டு முறை பார்த்ததோடு சரி. இரண்டு முறையும் குடை வைத்திருந்தார்.

மார்ச் 10

வெயில். பாசாரில் நாற்பது கார்டு கொடுத்தேன். ஒரு மீன்கடைக்காரர் பின்பக்கத்தில் விலை எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மாடிக்குப் போய், எனக்கு ஏதாவது போன் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார் டீச்சர். இரண்டு பேர் மிஸ்டர் லெட்சுமணன் என்று யாரையோ கேட்டார்களாம், அப்படி யாரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டாராம்.

இரண்டு வேலை போச்சு.

கார்டைக் காட்டினேன். அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாரி மிஸ்டர் லெட்சுமணன். இனிமே கரெக்டா எழுதி வெச்சிடறேன்" என்றார். அது அப்பா பெயர், என் பெயர் சிவலிங்கம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஒரு பெண் "மிஸ், ரிப்பன் மாட்டிக்கிச்சு" என்று கூப்பிட, அவர் போய்விட்டார். நானும் வந்துவிட்டேன். அடுத்த முறை சொல்லலாம்.

மார்ச் 23

சொல்லவில்லை.

வேலை வருகிறது. பங்சாரில் மூன்று வீடு, இங்கே பிரிக்பீல்ட்ஸில் ஒரு அச்சகம், ஒரு மருந்துக்கடை. யாரும் என்னைச் சிவலிங்கம் என்று கூப்பிடுவதில்லை. சீனர்கள், மலாய்க்காரர்கள், டாக்டர் வீட்டு வெள்ளைக்கார அம்மா எல்லாருக்கும் நான் மிஸ்டர் லெட்சுமணன். கடைசியில் இருப்பதுதான் ஆள் என்று நினைக்கிறார்கள். ஒரு கிழவி மிஸ்டர் லெச்சு என்று சுருக்கிவிட்டாள்.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பத்தொரு வருஷம். அவரை அங்கே 'டேய்' என்பார்கள், இல்லாவிட்டால் நம்பர். ஒருவர்கூட மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. செத்து நான்கு வருஷம் கழித்து பங்சார் முழுக்க மிஸ்டர் லெட்சுமணன். ஏணியில் நிற்கும்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் முதலில் திரும்பிப் பார்ப்பது நான் இல்லை, எனக்குள் இருக்கும் சின்னப் பையன். அப்பா வந்துவிட்டாரோ என்று.

டீச்சர் செய்தியைக் கையால் எழுதுவதில்லை. டைப் அடிக்கிறார். பிள்ளைகள் பயிற்சி அடித்துத் தூக்கிப் போட்ட தாளை நான்காகக் கிழித்து, பின்பக்கத்தில். முன்பக்கம் ஏ எஸ் டி எஃப், ஏ எஸ் டி எஃப். திருப்பினால் 'மி. லெட்சுமணன். திருமதி டான், பங்சார். அடுப்படி சுவிட்ச் தொட்டால் சுறுசுறு என்கிறது. சீக்கிரம்.' எல்லாம் இங்கிலீஷில். சுறுசுறுவுக்கு அவர் போட்டிருந்த இங்கிலீஷ் வார்த்தையை அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தாள்களைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். தொழில் ரெக்கார்டு.

ஏப்ரல் 14. வருஷப் பிறப்பு

கிள்ளான், அக்கா வீடு. கோயிலுக்குப் போனோம். நல்ல சாப்பாடு. அதற்குப் பிறகு அக்கா ஆரம்பித்தாள்.

ஜெஞ்சாரோம் ஊரில் ஒரு குடும்பமாம். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து லோரி கண்டிராக்டர். ஒரே பெண். முப்பது வயது, நல்ல நிறம், தையல் தெரியும். நான் முப்பத்தெட்டு என்பது அவர்களுக்குப் பெரிய குறை இல்லையாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம்.

"மாப்பிள்ளைக்குச் சொந்த போன் இருக்கான்னு கேக்கறாங்கடா. போன் இல்லாத கண்டிராக்டர எவன் நம்புவான்? அது வந்துட்டா அடுத்த வாரமே பேசி முடிச்சிடலாம்."

அம்மா போன பிறகு எனக்காக அலைவது அக்கா ஒருத்திதான். அவளிடம் முகம் சுளிக்க முடியாது. போன் வரட்டும் அக்கா என்றேன். தள்ளிப்போட நல்ல சாக்கு. வரிசை நீளம்.

மே 5

பகலில் கொடுமையான வெயில். பங்சார் டாக்டர் வீட்டு அம்மா வீடு முழுக்க வயரிங் மாற்றப் போகிறார். பெரிய வேலை. மூன்று வாரம். ஆனால் வாயால் சொல்லும் விலை செல்லாதாம், டைப் அடித்த கோட்டேஷன் வேண்டுமாம்.

ஆறு மணிக்கு மேல் கிளாஸில் யாரும் இல்லை. டீச்சர் அடித்துத் தந்தார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல. ஒரு இடத்தில் 'எர்த் வயர்' என்றேன். அது எதுக்கு என்றார். தப்பாகப் போகிற கரண்ட் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போக என்றேன். "எல்லா வீட்டுலயும் இருக்குமா?" பழைய வீட்டில் இருக்காது என்றேன். தலையாட்டிக்கொண்டு அடித்தார்.

பெயர் அடிக்கும்போது கவனித்தேன். பெயர் முழுக்கப் பெரிய எழுத்து. முதலில் இடது ஓரத்துச் சாவியை அழுத்திப் பூட்டுகிறார், அது கனமாக ஒரு டொக். மிஸ்டருக்கு இரண்டு தட்டல். நீளச் சாவியில் ஒரு மந்தச் சத்தம், அது இடைவெளி. பிறகு லெட்சுமணன், இங்கிலீஷ் எழுத்தில் பதினொன்று. சாவியைப் பூட்டும் டொக் சத்தம் எனக்குக் கீழே அறையில் தினமும் கேட்கிற சத்தம்தான். அது என்னவென்று இத்தனை நாள் தெரியாது.

கடைசியில் கேட்டார்: "கீழ உங்க பேரு எப்படிப் போடணும்?"

இதற்கு மேல் என்ன சந்தர்ப்பம் வேண்டும். "அப்படியே போடுங்க டீச்சர்" என்றேன். மடையன். அவர் அப்படியே போட்டார். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன், எப்போதும் போடுவதுபோல. சிவலிங்கம். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மை காயட்டும் என்றார்.

கழுத்தில் ஒன்றும் இல்லை. பார்த்தேன். பார்த்ததற்கு என்மேலேயே கோபம்.

மே 19

டாக்டர் வீட்டு வேலை கிடைத்துவிட்டது. தவுக்கே வழியில் பார்த்து, டூல் பெட்டி இடத்தில் வேறு ஆள் வைத்துவிட்டேன் என்றார். மகிழ்ச்சி.

இப்போது மாடிக்குப் போகாமலே தெரிந்துவிடுகிறது. காலை எட்டு மணிக்குள், இல்லை மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போயிருக்கும் நேரம், மற்ற டைப்ரைட்டர் எல்லாம் ஓய்ந்திருக்கும். மேலே போன் மணி. செருப்புச் சத்தம். பேச்சு கேட்காது, முனகல்தான். பிறகு டொக். இரண்டு. இடைவெளி. பதினொன்று. எனக்குத்தான்.

பத்து வந்தால், பன்னிரண்டு வந்தால், வேறு யாருக்கோ. கிளாஸ் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு அவர் கடிதம் அடிப்பது உண்டு.

பதினொன்று கேட்டதும் உடனே ஏறக் கூடாது. முகம் கழுவி, தலை சீவி, ஐந்து நிமிஷம் கழித்து. இல்லாவிட்டால் கீழே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பார். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 3

கிளாஸ் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றார் டீச்சர். ஏணியில் ஏறிப் பார்த்தேன். கெப்பாசிட்டர் போய்க்கொண்டிருக்கிறது. மாற்றினால் வருஷக்கணக்கில் பிரச்சினை இல்லை. பையிலேயே ஒன்று இருந்தது.

மாற்றவில்லை. தூசி தட்டி, எண்ணெய் விட்டு, கம்பியைச் சுத்தம் செய்து மாட்டினேன். இரண்டு வாரம் ஓடும். பிறகு மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும்.

பதினான்கு வருஷத்தில் தவுக்கே எத்தனையோ முறை சொல்லியும் செய்யாத காரியம். இன்று எனக்கு நானே செய்துகொண்டேன். அவர் தேங்க்யூ சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். பாதியோடு வைத்துவிட்டேன்.

ஏணி மேலிருந்து சுவரில் மாட்டியிருந்த சர்ட்டிபிகேட் படிக்க முடிந்தது. பத்மாவதி, பொன்னுசாமியின் மகள். போனில் எல்லாரும் மிஸ் பொன்னுசாமி என்பார்கள். கிளாஸை ஆரம்பித்தவர் அவர் அப்பாதான். இறந்த பிறகு இவர் எடுத்து நடத்துகிறார். ஆக, அவரும் அப்பா பெயரில்தான் உலவுகிறார்.

பத்மாவதி. இங்கே எழுதுவதோடு சரி.

ஜூன் 12. ஞாயிறு

கிளாஸ் லீவு. மேலே சத்தமே இல்லை. துணி துவைத்தேன். சட்டைப் பையில் டெஸ்ட் பேனா. அதுவும் குளித்தது.

மாடிக்குப் போக நியாயமான காரணங்கள்: செய்தி. ஃபேன். நாலாவது மேசைப் பக்கத்துப் பிளக் (நன்றாகத்தான் இருக்கிறது). டியூப்லைட் ஸ்டார்ட்டர் (போன வாரம் மாற்றியது). கோட்டேஷன். வேறு இல்லை. ஒரு மனிதனைப் பார்க்க இன்னொரு மனிதன் போவதற்கு எத்தனை ரிப்பேர் வேண்டியிருக்கிறது.

அவர் வீடு எங்கே என்று தெரியும். கோயிலுக்குப் பின்னால் உள்ள ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். அந்த வழியாகப் போய் வந்தேன், பால் வாங்க. பால் கடை எதிர்த்திசையில்.

ஜூலை 13

ஹரிராயா, நோன்புப் பெருநாள். நேற்றும் இன்றும் கிளாஸ் மூடல். வாடிக்கையாளர் ஒரு மலாய்க்கார மாஸ்டர் வீட்டில் சாப்பிட்டேன். ரெண்டாங், லெமாங். அவர் பெண்டாட்டியிடம் அறிமுகம் செய்தார், இவர்தான் என்சிக் லெட்சுமணன். மலாயிலும் மிஸ்டர். சிரித்து வைத்தேன்.

யார் எப்படிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை. ஒருவர் மட்டும் ஒரே ஒரு முறை சிவலிங்கம் என்றால் போதும். மிஸ்டர் இல்லாமல். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. முப்பத்தெட்டு வயது, வயர்மேன் லைசென்ஸ் உள்ள ஆள்.

ஆனால் இப்போது திருத்தினால், நான்கு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது?

ஜூலை 21

கடிதம். போன் வருகிறது. ஆகஸ்ட் 5, வெள்ளி. வரிசை இத்தனை சீக்கிரம் நகரும் என்று யார் கண்டார்கள்.

பின்மாலையில் மாடிக்குப் போய்ச் சொன்னேன். டீச்சர் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். "நல்லது. பிசினஸ்னா சொந்த லைன் வேணும்தானே" என்றார். தனக்கும் இனி வேலை மிச்சம் என்றார். பிறகு மேசை டிராயரைத் திறந்து, நான்காகக் கிழித்து வைத்திருந்த பயிற்சித் தாள் கட்டை எடுத்தார். எனக்கென்று முன்கூட்டியே கிழித்து வைத்திருந்தது. ஒரு விரல் தடிமன் இருக்கும். அதை என்ன செய்வது என்று தெரியாதவர்போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி உள்ளே வைத்து மூடினார்.

அக்காவுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் வீட்டுப் பக்கத்துக் கடைப் போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷத்தில் கத்தினாள். என் நம்பரை ஜெஞ்சாரோம்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாளாம். எந்த நம்பர் என்றேன்.

"கார்டுல இருக்கற நம்பர்தான்டா. வேற எது?"

ஆகஸ்ட் 3. புதன்

காலை மப்பு. ஏழே முக்காலுக்கு மேலே போன் மணி. நீண்ட பேச்சு. வழக்கமாக ஒரு நிமிஷம், இன்று ஐந்து நிமிஷத்துக்கு மேல். பிறகு டொக். இரண்டு. இடைவெளி. காது கொடுத்து எண்ணினேன். பத்து.

எனக்கில்லை. ஏமாற்றத்தோடு ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அச்சகத்தில் மெயின் பாக்ஸ் வேலை. நாள் முழுக்க.

மாலை கடைசிப் பிள்ளை இறங்கும்போது நான் படியடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மிஸ் உங்களைக் காலையிலிருந்து கேட்டார்கள் அங்கிள் என்றது. ஏறினேன். டீச்சர் தாளை நீட்டினார்.

'மி. சிவலிங்கம். ஜெஞ்சாரோமிலிருந்து போன். ஞாயிறு 14 அன்று அக்காவுடன் பெண் பார்க்க வரவும். ஆள் எப்படி என்று விசாரித்தார். நல்லவர் என்று சொன்னேன்.'

அவர் அடித்த தாளில் என் பெயர் முதல் முறையாக. நான் கேட்ட பத்துத் தட்டலும் நான்தான். நானே என் பெயரைக் கேட்டு, யாருக்கோ என்று கிளம்பிப் போயிருக்கிறேன்.

தமிழ்க்காரர் போன் செய்தால் சரியாகத்தானே கேட்பார், லெட்சுமணன் மகன் சிவலிங்கம் இருக்காரா என்று. அதனால்தான் தெரிந்திருக்கும் என்று நினைத்து, டீச்சர், என் பேரை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் என்று ஆரம்பித்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே.

"கார்டுலயே இருக்கே" என்றார். "தமிழச்சிக்கு எது ஆளோட பேரு, எது அவங்க அப்பா பேருன்னு தெரியாதா? மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் டீச்சர்..."

அவர் டைப்ரைட்டருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மூலை சரியாக விழவில்லை. அதை இழுத்துவிட்டார்.

"இங்க பதினஞ்சு பொண்ணுங்க உக்காந்திருக்கு. தினம் ஒரு ஆம்பள பேர நான் கூப்பிட்டா நாலு பேரு நாலு விதமா பேசும். அப்பா பேருன்னா சத்தமா கூப்பிடலாம்."

ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். படி இறங்கியது நினைவில்லை.

நல்லவர் என்று சொன்னேன். அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். பிஸ்கட் டின்னில் வைக்கவில்லை. தலையணை அடியில்.

ஆகஸ்ட் 5. வெள்ளி

போன் வந்தாச்சு. கறுப்பு. சுழற்றும் டயல். இரண்டு ஆள் வந்து பத்தரைக்குள் முடித்துவிட்டார்கள். வயரைச் சுவரில் கோணலாக அடித்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகு பிடுங்கி நேராக அடித்தேன்.

எடுத்துக் காதில் வைத்தேன். ஊம் என்று நீளமாக ஒரு சத்தம். வைத்தேன். மறுபடி எடுத்தேன். இருக்கிறது.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தபோது ஏணியோடு மாடிக்குப் போனேன். கெப்பாசிட்டரை மாற்றினேன். இனி வருஷக்கணக்கில் கவலை இல்லை என்று சொல்லிவிட்டு, ஜூனிலேயே மாற்றியிருக்கணும், வேணும்னேதான் மாத்தல என்றும் சொல்லிவிட்டேன். இதையாவது நேராகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் ஃபேனைப் பார்த்தார். மேசையில் இருந்த தாளெல்லாம் பறக்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். சிரித்ததுபோல இருந்தது. ஏணி மேலிருந்து முகம் சரியாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9

நான்கு நாளாக என் போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. அடிக்காது. நான் கொடுத்த கார்டெல்லாம் மாடி நம்பர். மேலே மணி அடிக்கிறது. இப்போது டீச்சர் புது நம்பரைச் சொல்லி வைத்துவிடுகிறார் போல. டொக் சத்தம் வரவில்லை. ஆனால் அவர்கள் யாரும் இங்கே கூப்பிடவும் இல்லை. எழுதிக்கொள்ளப் பென்சில் இல்லையோ என்னவோ.

அச்சுக்காரரிடம் போனேன். புதுக் கார்டு. இந்த முறை நடுவில் அந்த இரண்டு எழுத்தைப் போடுங்கள் என்றேன். நம்பர் என்ன என்றார். வாயில் வந்தது மாடி நம்பர். எழுதிக்கொண்டு மறுபடி கேட்டார், உன்னுடையதா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார்.

பக்கத்துக் கடையில் வாங்கிய மீ கோரேங் நூடுல்ஸ் அப்படியே இருக்கிறது. எறும்பு.

ஆகஸ்ட் 11

கிள்ளான் போய் வந்தேன். வழியெல்லாம் மழை, மேம்பாலத்தின் கீழ் அரை மணி நேரம் நின்றேன். இருபது மோட்டார் சைக்கிள் நின்றது. எல்லாரும் எங்கேயோ போக வேண்டியவர்கள்.

அக்காவிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை ஜெஞ்சாரோம் வரவில்லை என்று. அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் மனம் இல்லை, வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்பது பாவம் என்றேன். அக்கா உலையை இறக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"வேற யாராச்சும் இருக்காங்களா?"

தெரியாது என்றேன்.

"என்னடா தெரியாது? உனக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

அவங்ககிட்ட இன்னும் பேசல அக்கா என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நாலு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்த என்றாள். எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியுமா? கோபத்தோடே சோறு போட்டாள். கோபத்தோடே மீன் பெரிய துண்டாக வைத்தாள். ஜெஞ்சாரோம்காரர்களிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 12. வெள்ளி

நாள் முழுக்க மழை. வேலைக்குப் போகவில்லை. போனைத் துடைத்தேன். இரண்டு முறை.

ஆறு மணிக்குப் பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். படியில் கடகடவென்று, பிறகு அமைதி. மேலே ஒரே ஒரு செருப்பு. ஜன்னல் சாத்தும் சத்தம். இன்னும் பத்து நிமிஷத்தில் குடையோடு இறங்கிவிடுவார்.

போனை எடுத்தேன். மாடி நம்பரைச் சுழற்றினேன். மனப்பாடம், ஐந்நூறு கார்டு கொடுத்தவன். காதில் ஒரு மணி, தலைக்கு மேலே ஒரு மணி. செருப்பு திரும்பி வந்தது.

"டைப்பிங் கிளாஸ்."

"ஒரு மெசேஜ் குடுக்கணும்" என்றேன்.

குரல் தெரிந்திருக்கும். ஆனால் எல்லாரிடமும் கேட்பதுபோலவே கேட்டார். "யாருக்கு?"

"பத்மாவதிக்கு."

மழைச் சத்தம். அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். மேலே உறை எடுக்கும் சத்தம், உருளையில் தாள் ஏறும் கரகர.

"சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழம ஜெஞ்சாரோம் போகல. அக்காகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு ஆறு மணிக்கு மேல கிளாஸுக்கு வரேன். ரிப்பேர் ஒண்ணும் இல்ல. சும்மா வரேன்."

அடிக்கும் சத்தம் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார் போல. பிறகு, மெதுவாக:

"பேரு?"

"சிவலிங்கம்."

தலைக்கு மேலே டொக். மிஸ்டருக்கு உரிய இரண்டு தட்டலுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை, இடைவெளியும் வரவில்லை. நேராக ஆரம்பித்தார், ஒவ்வொரு எழுத்தாக. காதிலும் கேட்டது, பலகை வழியாகவும் கேட்டது. எண்ணினேன். பத்து.